ராடிலிருந்து ஷாஃப்ட் வரை: சிஎன்சி லேத் வேலை, படிப்படியாக

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் பட்டறைகளில் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடும் மெஷின் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். "சிஎன்சி வாங்கிட்டா ஆளே வேண்டாம், பட்டனைத் தட்டினா போதும்" என்பவர்கள் ஒரு பக்கம். "அதெல்லாம் கோயம்புத்தூருக்குத்தான் சரிப்படும், நமக்கு இந்தப் பழைய லேத்தே போதும்" என்பவர்கள் மறுபக்கம். இரண்டு பேச்சுமே மெஷினைத் தூரத்திலிருந்து பார்த்துப் பேசுவதுதான்.

சிஎன்சி மெஷினுக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொன்ன இடத்துக்கு டூலை, அதாவது வெட்டும் கத்தியைக் கொண்டு போகும். ஆயிரம் தரம் சொன்னாலும் அதே இடத்துக்கே போகும். தப்பான இடத்தைச் சொன்னால் அங்கேயும் அவ்வளவு துல்லியமாகப் போய் முட்டும். ஆகவே சைஸ் கிடைப்பது ஜாபை, அதாவது கடைய வேண்டிய இரும்பைப் பிடிக்கிற விதத்திலும், அளவு தொடங்கும் இடமான ஜீரோவை எடுப்பதிலும், அளவு பார்ப்பதிலும்தான். புரோகிராம் அதற்கு அடுத்ததுதான்.

ஒரே ஒரு ஜாபை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை போய்ப் பார்ப்போம். பிசான நெல் அறுப்பு நெருங்கும்போது தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலிருந்து அறுவடை மெஷின் பாகங்கள் பட்டறைக்கு வரத் தொடங்கும். அப்படி வருகிற ஒரு சின்ன ஷாஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 120 மி.மீ., முனையில் 6205 நம்பர் பேரிங் உட்காரும் இடம், அதை ஒட்டி 32 மி.மீ. தோள் (படியாகத் தடித்து நிற்கும் இடம்). இருநூறு எண்ணம் வேண்டும்.

சிஎன்சியா, சாதா லேத்தா?

இருநூறு என்பதால்தான் சிஎன்சி. செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம், ஒரு ஜாபுக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போடுங்கள். ஒன்றே ஒன்று செய்தால் அந்த ஒன்றுக்கு 123 நிமிடம் செலவு. இருநூறு செய்தால் ஒன்றுக்கு 3.6 நிமிடம். ஒடிந்த ஷாஃப்டைக் கையில் பிடித்துக்கொண்டு வயலிலிருந்து நேரே வந்து நிற்கிறவருக்குச் சாதா லேத்தில் ஒரு நல்ல டர்னர் முக்கால் மணி நேரத்தில் கடைந்து கொடுத்துவிடுவார். அந்த வேலையைச் சிஎன்சியில் ஏற்றுவது வீண்.

மெஷினுக்குள் என்ன நடக்கிறது

வெட்டும் முறையில் மாற்றம் ஏதும் இல்லை. சக் என்கிற பிடியில் ஜாப் சுற்றும், டூல் நகரும். சாதா லேத்தில் டர்னரின் கை சுற்றுகிற வேலையைச் சிஎன்சியில் சர்வோ மோட்டார் செய்கிறது. மோட்டார் பால் ஸ்க்ரூவைச் சுற்றும். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகு உருண்டைகள் ஓடுவதால் பழைய லேத்தில் ஹேண்டிலைத் திருப்பும்போது உணர்கிற தொளதொளப்பு அநேகமாக இருக்காது. மோட்டாரின் பின்னால் இருக்கும் என்கோடர், "இப்போது இத்தனை தூரம் வந்திருக்கிறேன்" என்று மெஷினின் மூளையான கன்ட்ரோலருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோலர் கேட்ட இடத்தையும் வந்த இடத்தையும் ஒப்பிட்டு, நொடிக்குப் பல நூறு தரம் திருத்தும். வித்தியாசம் எல்லை மீறினால் அலாரம் போட்டு நின்றுவிடும்.

இந்த யோசனை ஹெலிகாப்டர் இறக்கையிலிருந்து பிறந்தது. அந்த வளைவைக் கையால் செய்து மாளாத ஜான் பார்சன்ஸ் என்ற அமெரிக்கர் கிளப்பிய யோசனைக்கு அந்நாட்டு விமானப் படை பணம் கொடுத்தது. 1952-ல் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு மில்லிங் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். கட்டளைகள் ஓட்டை போட்ட காகித நாடாவில் இருந்தன. நாடா போய்விட்டது, அதில் இருந்த கட்டளை வடிவம் இன்றைய ஜி-கோடாக வாழ்கிறது. இன்று கோயம்புத்தூர், பெங்களூரு, ராஜ்கோட் என்று நம் நாட்டிலேயே மெஷின் தயாராகிறது. கன்ட்ரோலர் பெரும்பாலும் ஃபானுக் அல்லது சீமென்ஸ். கீழே சொல்வதெல்லாம் ஃபானுக் வழக்கம்.

படி 1: டிராயிங்கைப் படியுங்கள்

ராடு வெட்டுவதற்கு முன்னால் டிராயிங்கில் கண்ணை ஓட்டி, எந்த அளவு உயிர், எந்த அளவு சும்மா என்று பிரிக்க வேண்டும். நம் ஷாஃப்டில் மொத்த நீளம் 120, கூடக் குறைய 0.2 போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பேரிங் இடம்தான் உயிர். 25 கே6 என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 25.002-க்குக் குறையக் கூடாது, 25.015-க்குக் கூடவும் கூடாது. மொத்த இடைவெளி 13 மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 6205 பேரிங்கின் உள்துளை 25. அதைவிட ஷாஃப்ட் ஒரு பொட்டு கூடுதலாக இருந்து இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதற்குத்தான் இந்த அளவு.

தோள் தொடங்கும் மூலையையும் பாருங்கள். 6205 பேரிங்கின் உள்வளைய ஓரம் குறைந்தது 1 மி.மீ. வளைந்திருக்கும். ஷாஃப்டின் மூலை வளைவு அதற்கு மேல் போனால் பேரிங் தோளில் ஒட்டாது, மூலையில் ஏறி நிற்கும். அளவு சரி, பேரிங் ஆட்டம் என்று திரும்பி வருகிற ஜாப்களில் இந்த மூலைக்கு ஒரு பங்கு உண்டு.

பரப்பு வழவழப்பு ஆர்ஏ (மேடுபள்ளத்தின் சராசரி) 1.6 மைக்ரான் என்று கேட்டிருப்பார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், படி 3-ல் வேண்டும்.

படி 2: எங்கே பிடிப்பது, எதை முதலில் வெட்டுவது

மெட்டீரியல் இஎன்8, 35 மி.மீ. ராடு. நடுத்தரக் கார்பன் எஃகு. இந்த மாதிரி ஷாஃப்டுக்குப் பொதுவாக எல்லோரும் போடுவது. 122 நீளத்துக்கு அறுத்துக்கொண்டால் இரண்டு முனையிலும் பேசிங்குக்கு, அதாவது முகத்தைச் சீவ, ஒவ்வொரு மில்லி கிடைக்கும்.

சக்கிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் விட்டத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் கொடுத்து விடுவது நல்லது. தாங்கல் இல்லாவிட்டால் ஜாப் டூலைக் கண்டு ஒதுங்கும். சக் பக்கம் சைஸ் சரியாக, முனைப் பக்கம் தடித்து வரும்.

முதல் செட்டிங்கில் பேரிங் இடமும் தோளும். இரண்டாவது செட்டிங்கில் திருப்பிப் பிடித்து மறுமுனை. திருப்பிப் பிடிக்கும்போது சக்கின் கடின ஜாவில் (பிடிக்கும் தாடையில்) பிடித்தால் கடைந்த பரப்பில் பல் பதியும், மையமும் விலகும். கடைய வருகிற மென்மையான சாஃப்ட் ஜா போட்டு, அதே மெஷினில், அதே சக்கில் வைத்து, ஜாவை ஷாஃப்டின் விட்டத்துக்குப் போரிங் (உட்புறக் கடைசல்) செய்துகொள்ள வேண்டும். போரிங் செய்யும்போது ஜா ஒரு வளையத்தையோ பிளக்கையோ இறுக்கிப் பிடித்த நிலையில் இருக்கட்டும். காலி சக்கில் கடைந்த ஜா, ஜாப் பிடிக்கும்போது வேறு வடிவத்துக்குப் போய்விடும். அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரத்தைக் கஞ்சத்தனம் செய்கிற பட்டறையில் ரிஜெக்ஷன் பெட்டி நிறைந்தே இருக்கும்.

படி 3: டூல், வேகம், ஃபீட்

ரஃபிங்குக்கு, அதாவது முதல் கனமான வெட்டுக்கு, சிஎன்எம்ஜி 120408 இன்சர்ட் (மாற்றிப் போடும் வெட்டு முனை) போடலாம். பெட்டியில் இருக்கும் அந்த எழுத்துக்கு அர்த்தம் உண்டு: முதல் எழுத்து 80 டிகிரி வைர வடிவம், 12 என்பது வெட்டு விளிம்பின் நீளம், கடைசி 08 மூக்கு ஆரம் (முனையின் வளைவு) 0.8 மி.மீ. கடைசி வெட்டான ஃபினிஷிங்குக்கு மூக்கு ஆரம் 0.4 உள்ளதை எடுங்கள். மூலையில் 0.4 வளைவே விழும். பேரிங்குக்கு இடைஞ்சல் இல்லை.

வேகக் கணக்கு எளிது. கார்பைடு இன்சர்டுக்கு இஎன்8-ல் நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம் வைப்போம். அதை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் விட்டத்தாலும் வகுத்தால் ஆர்பிஎம். 25 மி.மீ. விட்டத்தில் சுமார் 2,550 வரும். 35-ல் சுமார் 1,820. விட்டம் குறையக் குறைய ஆர்பிஎம் கூட வேண்டும் என்பதைக் கன்ட்ரோலரே பார்த்துக்கொள்ள ஜி96 இருக்கிறது. ஆனால் பேசிங் செய்யும்போது டூல் மையத்தை நெருங்கும். விட்டம் சைபரை நோக்கிப் போனால் ஆர்பிஎம் எங்கே போகும்? அதனால்தான் ஜி50 போட்டு உச்ச வேகத்தைக் கட்டிவைப்பது. ஜி50 இல்லாத ஜி96 புரோகிராமை என் மெஷினில் யாரையும் ஓட்ட விடுவதில்லை.

ஃபீட் என்பது ஒரு சுற்றுக்கு டூல் எவ்வளவு நகர்கிறது என்பது. பரப்பு எப்படி வரும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணக்குப் போடலாம்: ஃபீடின் வர்க்கத்தை மூக்கு ஆரத்தின் 32 மடங்கால் வகுங்கள். 0.4 ஆரத்துக்கு 0.2 ஃபீட் வைத்தால் ஆர்ஏ 3.1 மைக்ரான், டிராயிங் கேட்ட 1.6-க்கு உதவாது. 0.12 வைத்தால் 1.1 வரும். அதிர்வும் தேய்மானமும் சேர்ந்து நிஜத்தில் கொஞ்சம் கூடும் என்றாலும் 1.6-க்குள் நிற்கும்.

ரஃபிங்கில் ஃபீட் 0.25, ஒரு பக்கம் 2 மி.மீ. ஆழம். 35-லிருந்து 25.5-க்கு வர மூன்று வெட்டு. மிச்சம் அரை மில்லி ஃபினிஷிங்குக்கு. வெட்டு சரியாக இருந்தால் சிப்ஸ் (இரும்புச் சீவல்) ஆறு, ஒன்பது எழுதினாற்போல் சுருண்டு ஒடிந்து விழும். நீளச் சுருளாக வந்து ஜாபைச் சுற்றினால் ஃபீட் போதவில்லை, அல்லது ஆழம் போதவில்லை. சுருளைக் கையால் இழுக்கவே கூடாது, கையுறை போட்டுக்கொண்டு இழுப்பது அதைவிட மோசம். கையுறையைச் சுருள் பிடித்தால் கையும் சேர்ந்தே போகும். கொக்கி வைத்திருங்கள், அதுவும் சக்கைச் சுற்றும் ஸ்பிண்டில் நின்ற பிறகு.

படி 4: புரோகிராம்

ரஃபிங்குக்கு ஜி71 சுழற்சி இருக்கிறது. கடைசி உருவத்தைக் கொடுத்தால் வெட்டு வெட்டாகப் பிரிப்பதை அதுவே செய்யும். ஃபினிஷிங் வெட்டின் நடுப்பகுதி இப்படி இருக்கும். திரையில் ஆங்கில எழுத்தாக வரும். இங்கே வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

டி0202
ஜி50 எஸ்2500
ஜி96 எஸ்200 எம்03
ஜி00 எக்ஸ்23.008 இசட்2.0 எம்08
ஜி01 இசட்0 எஃப்0.12
எக்ஸ்25.008 இசட்-1.0
இசட்-15.0
எக்ஸ்34.0
ஜி00 எக்ஸ்100.0 இசட்100.0
எம்30

இரண்டாம் நம்பர் டூலை எடு, அதன் இரண்டாம் நம்பர் ஆஃப்செட்டைச் சேர். 2,500 ஆர்பிஎம்-ஐத் தாண்டாதே. ஸ்பிண்டிலைச் சுற்று. வேகமாக ஜாபின் முன்னால் வா, கூலன்ட்டைத் திற. பிறகு வெட்டு ஃபீடில் முகத்தைத் தொட்டு, ஒரு மில்லி சேம்பர் (ஓரச் சாய்வு) போட்டு, 15 மி.மீ. நீளம் கடைந்து, தோளில் ஏறி வெளியே போ. இவ்வளவுதான். எக்ஸ் எப்போதும் விட்டக் கணக்கு, ஆரக் கணக்கு இல்லை. இசட் சைபர் என்பது ஜாபின் முகம். சக் பக்கம் போகப் போக மைனஸ்.

25.008 ஏன்? 25.002-க்கும் 25.015-க்கும் ஏறக்குறைய நடு. கூடினாலும் குறைந்தாலும் தாங்குவதற்கு இடம் வேண்டுமே.

புள்ளியில் கவனம். பல ஃபானுக் மெஷின்களில் எக்ஸ்25 என்று புள்ளி இல்லாமல் அடித்தால் 25 மில்லி என்று எடுத்துக்கொள்ளாது, 25 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளும். டூல் மையத்தை நோக்கிப் பாயும். புள்ளி வைக்கும் பழக்கம் கையில் ஊற வேண்டும்.

சேம்பர், வளைவு உள்ள இடங்களில் மூக்கு ஆரத்துக்கான ஜி42-ஐ போடாவிட்டால் அந்த இடங்களில் மட்டும் உருவம் கொஞ்சம் விலகும். நேர்க்கோட்டில் கடையும் பேரிங் இடத்தை அது பாதிக்காது.

படி 5: ஜாபை ஏற்றி ஜீரோ எடுப்பது

ஜாவையும் சக் முகத்தையும் துடைத்த பிறகே ஜாப். ஒரு சிறு சிப் மாட்டிக்கொண்டாலும் ஜாப் கோணலாக உட்காரும். டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றி, ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஒவ்வொரு டூலும் வெவ்வேறு நீளம். எந்த டூலின் முனை எங்கே இருக்கிறது என்பதைக் கன்ட்ரோலருக்குச் சொல்வதுதான் ஆஃப்செட். ஜாபில் லேசாக ஒரு வெட்டுக் கொடுத்து, எக்ஸைத் தொடாமல் டூலைப் பின்வாங்கி, விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவை ஆஃப்செட் பக்கத்தில் அடித்து மெஷரை அழுத்த வேண்டும். இசட்டுக்கு முகத்தைச் சீவி அதைச் சைபர் என்று சொல்லிவிடலாம்.

படி 6: முதல் ஜாப்

முதலில் ஜாப் இல்லாமல், ஜீரோவை வெளியே தள்ளி வைத்து ஒரு ஓட்டம். அடுத்து ஜாபோடு, சிங்கிள் பிளாக்கில், வெட்டாமல் ஓடும் வேகமான ராபிடை 25 சதவீதத்துக்குக் குறைத்து. ஒரு வரி ஓடும், நிற்கும். திரையில் "போக வேண்டிய மிச்சத் தூரம்" என்று ஒரு கணக்கு ஓடுகிறது பாருங்கள். டூல் ஜாபுக்கு ஒரு விரல் தூரத்தில் இருக்கும்போது அது 80 மி.மீ. என்று காட்டினால் கை, டூலை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனில் இருக்க வேண்டும்.

முதல் ஜாபைச் சைஸுக்கு நேராக வெட்டாதீர்கள். ஃபினிஷிங் டூலின் வியர் ஆஃப்செட்டில் (தேய்மானத் திருத்தத்தில்) எக்ஸுக்கு 0.2 கூட்டி வையுங்கள். வெட்டிய பிறகு அளந்தால் 25.231 என்று வருகிறது என்று வைப்போம். வேண்டியது 25.008. அதிகம் 0.223. மைனஸ் 0.223 அடித்து, பிளஸ் இன்புட் பட்டனை அழுத்த வேண்டும். ஏற்கெனவே இருந்த 0.200-லிருந்து கழிந்து மைனஸ் 0.023 ஆகும். அவசரத்தில் வெறும் இன்புட்டை அழுத்தினால் 0.200 அழிந்து மைனஸ் 0.223-ஏ உட்காரும், ஷாஃப்ட் 24.808-க்குப் போய்விடும், தூக்கி எறிய வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டன்கள்.

படி 7: அளவெடுப்பு

13 மைக்ரான் வித்தியாசத்தைப் பார்க்க வெர்னியர் உதவாது. 0.01 படிக்கிற மைக்ரோமீட்டரும் போதாது. 0.001 காட்டுகிற மைக்ரோமீட்டர் வேண்டும், அதை மாஸ்டரில் (அளவு உறுதியான துண்டில்) வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். புது மெஷின் வாங்கக் கடன் எடுக்கிறவர்கள் அளவு கருவிக்குக் கையை இறுக்கிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு அது புரிவதே இல்லை.

அடுத்தது சூடு. நம்மூர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில், சித்திரை மதியத்தில் இந்த உரையாடல் தினமும் நடக்கும்.

"அண்ணாச்சி, சைஸ் வந்துட்டு. ஓட்டிரட்டா?"

"எவ்ளோல?"

"பாயின்ட் சைபர் ஒன்னு ரெண்டு."

"தொட்டுப் பாரு, சுடுதா?"

"லேசா சுடுது."

"அப்ப வரல. ஆற விட்டு அளந்துட்டுச் சொல்லு."

எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 11.5 மைக்ரான் விரியும். 25 மி.மீ. விட்டம் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 6 மைக்ரான். சூட்டில் 25.012 காட்டிய ஷாஃப்ட் ஆறினால் 25.006. இந்த ஜாப் பிழைத்துக்கொண்டது. ஆனால் சூட்டோடு அளந்தே நடு அளவுக்குத் திருத்தி, 25.007 காட்டியதைச் சரி என்று ஓட்டியிருந்தால் ஆறிய பிறகு கீழ் எல்லைக்கு வெளியே போயிருக்கும். அளவுக்கு உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. திருநெல்வேலியில் அதற்கு எங்கே போவது? நல்லவேளையாக, மைக்ரோமீட்டரும் மாஸ்டரும் ஜாபும் எல்லாமே எஃகு. மூன்றும் ஒரே மேஜையில் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் விரிவு பெரும்பாலும் ஈடாகிவிடும்.

மெஷினும் விரியும். காலையில் குளிர்ந்த பால் ஸ்க்ரூ ஓட ஓடச் சூடாகி நீளும். முதல் ஜாப் போடுவதற்கு முன் கால் மணி நேரம் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் வெறுமனே ஓட்டினால் காலை பத்து மணிவரை ஆஃப்செட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

படி 8: பேட்ச் ஓட்டம்

முதல் ஜாப் தேறியதும் அடுத்த ஐந்தையும் ஒவ்வொன்றாக அளக்கவும். பிறகு பத்துக்கு ஒன்று. அளவை ஒரு நோட்டில் எழுதுங்கள். வரிசையாகப் பார்த்தால் இன்சர்ட் தேயத் தேய விட்டம் மெல்ல ஏறுவது தெரியும். 25.012-ஐ எட்டும்போது வியரில் 4 மைக்ரான் குறைத்தால் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். திடீரென்று தாண்டினால் அது தேய்மானம் இல்லை. இன்சர்ட் முனை ஒடிந்திருக்கும், அல்லது ஜாவில் சிப் மாட்டியிருக்கும்.

கூலன்ட் எண்ணெயைத் தண்ணீரில் 5 முதல் 8 சதவீதம் கலப்பது வழக்கம். கலவை அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் எது என்பது நம் பக்கத்தில் முக்கியம். உப்பேறிய போர்த் தண்ணீரில் கலந்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், கடைந்த ஷாஃப்ட் மறுநாளே துரு பூக்கும். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் இருக்கிற இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. திசையன்விளை, ராதாபுரம் பக்கம் பட்டறை வைப்பவர்கள் சுத்திகரித்த தண்ணீருக்கு ஒரு வழி பண்ணிக்கொள்வது நல்லது.

மில்லிங், ஐந்து அச்சு

விஎம்சி எனப்படும் மில்லிங் மெஷினில் ஜாப் நிற்கும், டூல் சுற்றும். பிடிப்பு, ஜீரோ, அளவு எல்லாம் இதே கதைதான். ஒரு அச்சு கூடும். ஜி54-ல் ஜாபின் ஜீரோ, ஜி43-ல் டூலின் நீளம். உருவம் வளைவாக இருந்தால் கையால் எழுத முடியாது. கம்ப்யூட்டரில் மாடல் வரைந்து, கேம் மென்பொருளில் டூல் போகும் பாதை போட்டு, போஸ்ட் புராசஸர் வழியாக அந்த மெஷினுக்குரிய கோடாக மாற்றுவார்கள். போஸ்ட் தப்பானால் பாதை சரியாக இருந்தும் மெஷின் தப்பாக ஓடும்.

பணகுடிக்கு அந்தப் பக்கம் மகேந்திரகிரியில் இஸ்ரோ விகாஸ், கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின்களை நிறுத்திவைத்துச் சோதிக்கிறது. அந்த மாதிரி எஞ்சின்களின் டர்போ பம்ப் இம்பெல்லர் போல முறுக்கிய இலைகள் கொண்ட உருவத்துக்கு மூன்று அச்சு போதாது. டூல் சாய்ந்துகொண்டே வெட்ட வேண்டும். அதற்குத்தான் ஐந்து அச்சு மெஷின். புதிதாக வருகிறவர் அதை நினைத்து மலைக்க வேண்டாம். லேத்தில் ஆஃப்செட் புரிந்தவருக்கு மிச்சம் புரியும்.

கற்றுக்கொள்ள

ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட் இரண்டுமே இரண்டு வருடப் படிப்பு. பேட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது. சிஎன்சி மட்டும் மூன்று மாதத்தில் கற்றுத் தருகிறோம் என்கிற இடங்களுக்கு நேராகப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சாதா லேத்தில் கையால் ஃபீட் கொடுத்து, வெட்டின் சத்தம் மாறுவதைக் காதால் கேட்டவர், சிஎன்சியின் கதவு மூடியிருக்கும்போதும் இன்சர்ட் மழுங்கியதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்.

மெஷினை நிறுத்தும்போது

சிப்ஸை வாருங்கள், ஜாவுக்குக் கிரீஸ், ஸ்லைடு எண்ணெய் டேங்கில் அளவு பாருங்கள். காற்றுக் குழாயை ஸ்லைடு சீல் பக்கம் பிடிக்காதீர்கள், சிப் உள்ளே போய் உட்காரும். ஆனி, ஆடிக் காற்றில் ஷெட்டுக்குள் புழுதி வந்து நிறையும். எலக்ட்ரிக்கல் பேனல் கதவைத் திறந்துபோட்டுக் குளிரவைக்கும் வழக்கம் அந்த மாதங்களில் மெஷினுக்கு ஆகாது.

பொங்கல், தீபாவளிக்கு ஒரு வாரம் பூட்டுகிறீர்கள் என்றால் பேட்டரி அலாரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அச்சுகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பவர் இல்லாதபோது என்கோடர் நினைவில் வைத்திருப்பது அந்தச் சின்ன பேட்டரியால். அது தீர்ந்துபோய் மெஷினும் ஆஃப் ஆகியிருந்தால், திறந்து வந்து ஆன் செய்யும்போது மெஷினுக்குத் தன் இடமே தெரியாது. ரெஃபரன்ஸ் மறுபடி எடுக்க ஆள் கூப்பிட வேண்டும். பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும், எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு. பூட்டுவதற்கு முன் பாராமீட்டர், புரோகிராம், ஆஃப்செட் எல்லாவற்றையும் ஒரு கார்டில் எடுத்து, அந்தக் கார்டை மெஷினிலேயே விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.